தாண்டிப் படித்த பக்கம்

பங்குனி மாதத்து வெயிலில் புழுதி பறந்துகொண்டிருந்த ஒரு காலையில், வாய்க்கால் தெரு ரேஷன் கடையின் சன்ஷேடுக்கு அடியில், தலையிலிருந்து கால் வரை நனைந்த ஓர் ஆணும் பெண்ணும் ஒதுங்கி நின்றார்கள். மழை எங்கே பெய்தது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சீனி வாங்க வந்தவர்கள் அவர்கள் காலடியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிப் போய் வரிசையில் நின்றார்கள், கடைக்காரர் அரிசி மூட்டையை ஈரம் படாத மூலைக்கு நகர்த்தினார், மாரிக்கனி வீட்டிலிருந்து ஒரு துண்டும் ரெபேக்காள் வீட்டிலிருந்து இரண்டு டம்ளர் காப்பியும் வந்தன. துண்டை வாங்கிக்கொண்டார்கள், காப்பியைக் குடித்தார்கள், எந்த ஊர் என்று கேட்டபோது மட்டும் வாயைத் திறந்து மூடினார்கள், சத்தம் வரவில்லை. துவட்டத் துவட்ட ஈரமும் போகவில்லை.

நனைந்திருப்பது தெருவுக்குப் பெரிய தொந்தரவாக இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வைதான் தொந்தரவாக இருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுவழியில் அனுப்பினார்கள். கடைசியில் கடைக்காரரே தன் வீட்டிலிருந்து ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து ஆணிக்கு ஆணி திரையாகக் கட்டிவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, முகம் சிவக்க மண்ணெண்ணெய் ஊற்றினார்.

அவர்கள் யார் என்பதைக் கண்டுபிடித்தவள் மாரிக்கனி. கண்டுபிடித்த இடம், உலகம்மாள் வீட்டு முன்னறை.

அந்த அறைக்குக் கதவு கிடையாது. உலகுவின் அண்ணன் சங்கரபாண்டி லோடு ஆட்டோ ஓட்டிச் சேர்த்ததில் சுவரும் கூரையும் மட்டும் எழுப்பி, நிலைக்கதவுக்குப் பணம் வரட்டும் என்று விட்டிருந்தான். கதவில்லாத இடம் காற்றோட்டமாக இருந்ததால் தெருப் பெண்கள் மத்தியானம் ஆனதும் அவரவர் சுளகையும் பீடி இலையையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். மடியில் முறம்போல விரிந்த சுளகு, சுளகில் புகையிலைத் தூளும் நூலும் கத்தரியும், குனிந்த தலை. கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த உலகு, யாராவது நேருக்கு நேராக ஒன்று கேட்டால் பதில் தொண்டையிலேயே நின்றுவிடுகிற பெண். ஆனால் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அவளுக்கு வேறு ஒரு குரல் வந்தது. நூலகத்தில் அட்டை கிழிந்து ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு தடித்த நாவலை அவள் எடுத்துவந்து படிக்க ஆரம்பித்தபோது, படிக்கிறவள் பீடி சுற்ற வேண்டாம் என்று அந்த அறையில் வழக்கமானது. அவளுடைய சுளகை நடுவில் வைத்துவிடுவார்கள். அவரவர் சுற்றியதில் ஆளுக்கு ஒரு பிடி அதில் போடுவார்கள். கதை நன்றாகப் போகிற நாளில் பிடி பெரிதாகும்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் தனித்தனியாக, அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி, இடுப்பு வலியோடு சுற்றியவர்கள். இப்போது ஒரே கதைக்குள் எல்லோரும் சேர்ந்து நடந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பவளம் என்ற பெண்ணும் சேந்தன் என்ற படகுத் தச்சனும் அந்த நாவலில் இருந்தார்கள். பவளத்தை அவனுக்குக் கட்டிக்கொடுக்கலாமா கூடாதா என்று குழாயடியில் சண்டை நடந்தது, பவளத்தின் சித்தி வாய்த்துடுக்காகப் பேசிய நாளில் ரெபேக்காள் கோபத்தில் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள், உப்பு மூட்டை சரிந்து பவளத்தின் கால் நசுங்கிய நாளில் கதவில்லாத அந்த வாசலுக்கு வெளியே நின்றிருந்த பால்காரர்கூட உள்ளே எட்டி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். சொந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள் பவளத்தின் வீட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். உலகுவின் மைனி, சங்கரபாண்டியின் மனைவி இசக்கிகூடப் பேசினாள்.

"மழை பெய்ஞ்சுது, ரெண்டு பேரும் படகுக் கொட்டகைக்குள்ள ஒதுங்குனாக, சரி," என்றாள் மாரிக்கனி, நனைந்தவர்கள் வந்த அன்று மத்தியானம். "உடனே விடிஞ்சிருச்சா?"

"ஆமாக்கா," என்றாள் உலகு.

"நடுவுல?"

"தூங்குனாக."

"ஏட்டி, தூங்குறதுக்கா அந்தப் பய அவ்வளவு தூரம் நடந்து வந்தான்?"

அறை முழுக்கச் சிரித்தது. உலகு சிரிக்கவில்லை. முந்தின நாள் கூச்சம் தாங்காமல் விரலை நாக்கில் தொட்டு இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டியது அவளுக்கு மட்டுமே தெரியும். கண்ணை இலையில் வைத்திருக்கிற பெண்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. மாரிக்கனி பார்க்கவில்லைதான், ஆனால் ரேஷன் கடையில் நின்றவளின் சேலைக் கரையில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்திருந்தாள்.

"அங்க நிக்கது பவளம்," என்றாள். "நீ பாதி வழியில விட்டுட்டு வந்துட்ட. பாவம், எப்படிப் போவா? படி."

உலகு புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு படித்தாள். காது மடல் எரிந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. கொட்டகை இருட்டில் சேந்தன் அவளுடைய கூந்தலைத் தன் வேட்டி முனையால் துவட்டுகிறான், அவள் பாதத்தில் காய்ந்து வெடித்திருந்த உப்புப் புண்ணில் உதட்டை வைக்கிறான், அவள் ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. படித்து முடித்தபோது கத்தரிகள் நின்றிருந்தன. ரெபேக்காள் தன் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். ரேஷன் கடைப் பக்கமிருந்து வந்தவர்கள், சேலைத் திரைக்குப் பின்னால் யாரும் இல்லை, துண்டு மட்டும் காய்ந்து மடித்து வைத்தபடி இருக்கிறது என்று சொன்னார்கள். உலகுவின் சுளகில் அன்று பீடி வழிந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்க்கக் கூசினாள். தாண்டிய பக்கங்களுக்கும் சேர்த்துத்தான் முந்தின நாள் அவள் பிடி வாங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு தெரு இதற்குப் பழகிக்கொண்டது. அலுப்பில் ஒருநாள் அவள் ஓர் அந்திவான வருணனையைத் தாண்டிவிட, ரெபேக்காள் வீட்டு ஓட்டின் மேல் செக்கச் சிவந்த வெளிச்சம் இறங்கி, இருட்டிய பிறகும் போகாமல் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதில் வற்றல் காயப்போட்டார்கள். இன்னொரு நாள் விட்டுப்போன ஒரு கிழட்டு ஆடு, கதையில் அதற்கு ஒரு வரிதான் என்றாலும், தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் போய் நின்று பார்த்தது. தாண்டினால் வரும், எல்லோரும் கேட்கப் படித்தால் போகும். அவ்வளவுதான் விஷயம் என்று ஆனபோது, ரேஷன் கடைக்காரர் காலையில் கடை திறக்கும்போதே "இன்னைக்கு யாரும் வராகளா, உலகம்மா?" என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

சங்கரபாண்டி கை நீட்டுகிறவன். இதையும் தெரு அறியும். பொழுது சாய்ந்து லோடு ஆட்டோ வந்து நிற்கும், கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், பிறகு உள்ளறையில் அவன் குரல் உயரும், அதற்குப் பின்னால் வேறு சத்தம் கேட்கும். அப்போது மாரிக்கனி தண்ணீர் பிடிக்கக் குடங்களை உருட்டுவாள். ரெபேக்காள் ஜெபப் பாட்டைச் சத்தமாக ஆரம்பிப்பாள். உலகுவின் அம்மா ஆவுடையம்மாள் மிக்ஸியைப் போடுவாள். உலகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். மறுநாள் மத்தியானம் இசக்கி முந்தானையைக் கன்னத்தோடு இழுத்துவிட்டு வந்து உட்காருவாள், எல்லோரும் அவளுக்கு இடம் விடுவார்கள், தூள் டப்பாவை அவள் பக்கம் நகர்த்துவார்கள், கதை தொடங்கும்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, கதையில் பவளத்துக்கும் சேந்தனுக்கும் கல்யாணம் முடிந்த பிறகு, உலகு ஒரு பக்கத்தின் முதல் இரண்டு வரியைக் கண்ணால் ஓட்டினாள். சேந்தன் குடித்துவிட்டு வருகிறான். பவளம் சோறு போடுகிறாள். உலகுவின் விரல் தானாக நாக்குக்குப் போனது. குரல் இடறவே இல்லை. கதையில் மறுநாள் காலை பவளம் உப்பு வாருகிற இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. சுளகில் ஆளுக்கு ஒரு பிடி விழுந்தது. எழுந்து இடுப்பை நிமிர்த்தியபோது, உள்ளறைக்குப் போகும் வழியில், நிலையில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சேலைக் கரையில் உப்பு.

"அன்னைக்குத் துண்டு குடுத்தோமே, அந்தப் புள்ள," என்றாள் ரெபேக்காள் மெதுவாக.

ஒருவரும் இசக்கியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வேறு எங்கோ பார்ப்பது அந்தச் சின்ன அறையில் அவ்வளவு சுலபமில்லை, ஆனாலும் பார்த்தார்கள்.

சேந்தன் வரவில்லை. அடிக்கிறவர்கள் எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கி வந்து யார் வாசலிலும் நிற்பதில்லை போலிருக்கிறது.

"என்னத்த விட்டியோ அதைப் படிச்சு அனுப்பிவிடு," என்றாள் மாரிக்கனி.

"நாளைக்குப் படிக்கேன்," என்றாள் உலகு. மறுநாள் தொண்டை சரியில்லை என்றாள். அதற்கு மறுநாள் ஆவுடையம்மாளே முந்திக்கொண்டாள்: "அந்தக் கண்றாவிய எதுக்குப் படிக்கணும்? அடுத்ததுக்குப் போ. அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போறா, என்ன தின்னுபுடப் போறா?"

பவளம் இருந்தாள். தெருவும் அவளை வைத்துக்கொண்டது. ஒரு வீட்டிலிருந்து மஞ்சள் பற்று வந்தது, ஒரு வீட்டிலிருந்து தைலம் வந்தது, மாரிக்கனி ஒரு பழைய சுளகைக் கொடுத்தாள். பவளம் சீக்கிரமே தொழிலைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தே எல்லோரையும்விட வரிசையாகச் சுற்றினாள். கடைக்காரர் அவளுக்குக் கார்டு உண்டா என்று விசாரித்தார். வெளித்தெருக்காரர்கள் கேட்டால், "அது கதையில உள்ளது, நமக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லப் பழகினார்கள். பவளத்தின் கண் வீக்கம் ஆறவும் இல்லை, கூடவும் இல்லை, வந்த அன்று எப்படியோ அப்படியே இருந்தது. இசக்கியின் கன்னத்தில் இருந்தது மட்டும் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, பிறகு ஒரு மத்தியானம் மறுபடி புதிய நீலமாக வந்து பவளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

சங்கரபாண்டி அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"யாரு இது?"

"உலகு படிக்கிற புஸ்தகத்துல உள்ள புள்ள," என்றாள் ஆவுடையம்மாள்.

"எப்பப் போவும்?"

"படிச்சாப் போயிரும்."

"படிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே," என்று சொல்லிவிட்டு, அவள் கால் படாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உள்ளே போனான். அன்று அவன் சாப்பிடும்போது பவளம் திறந்திருந்த ஒரு கண்ணால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் கை கழுவிவிட்டான்.

உலகு தனியாகப் படித்துப் பார்த்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கங்களை முதலிலிருந்து முடிவுவரை வாய்விட்டுப் படித்தாள். வெளியே வந்தபோது பவளம் அதே இடத்தில் இருந்தாள். தனியாகப் படித்தது கணக்கில் வரவில்லை. ஆனால் அதில் ஒரு கெடுதல் நடந்துவிட்டது: அந்தப் பக்கங்களில் சேந்தனும் பவளமும் மட்டும் இல்லை, இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்பது உலகுவுக்குத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு அவளால் பவளத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இசக்கியின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. படிக்க உட்கார்ந்தால் குரல் வற்றியது. சுளகில் விழும் பிடி சிறிதாகிக்கொண்டே வந்தது, பிறகு யாரும் போடவில்லை, பிறகு அவளே இலை வெட்ட உட்கார்ந்தாள். கதையில்லாத அறையில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சுற்றவே திரும்பிப் போய்விடுவாள் போலிருந்தது.

அப்போதுதான் இசக்கி கையைத் துடைத்துக்கொண்டு, "கொண்டா இங்க," என்றாள்.

"மைனி, உங்களுக்கு..."

"அஞ்சாப்பு வரைக்கும் போயிருக்கேன். கொண்டா."

புத்தகத்தை மடியில் வைத்து, தாள்களை எச்சில் தொடாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, விரலை எழுத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு அவள் தொடங்கினாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பீடி சுற்றி முடிக்கலாம். ஆனால் யாரும் சுற்றவில்லை. அவள் தடுக்கிய இடத்தில் மாரிக்கனி தலையை நீட்டி எழுத்துக் கூட்டினாள், அவளுக்கும் வராததை ரெபேக்காள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள், ஒருத்தி பாதி சொல்ல இன்னொருத்தி மீதி சொல்ல, ஒரே வரியை நாலு வாய் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனது, பாரமான கட்டிலை வாசல் வழியாக வெளியே எடுப்பதுபோல. குழம்பில் உப்பு இல்லை என்கிறான் சேந்தன். உப்பளத்திலிருந்து வந்தவளுக்கு உப்புப் போடத் தெரியவில்லையா என்கிறான். தட்டு சுவரில் படுகிறது. முதல் அடி. "க... கண்ணு," என்றாள் இசக்கி. "கண்ணுல," என்றாள் மாரிக்கனி. இரண்டாவது அடி. யாருடைய குரலும் எதையும் தாண்டவில்லை. மூலையில் ஆவுடையம்மாள் சுளகைத் தரையில் வைத்துவிட்டாள்.

பக்கம் முடிகிற இடத்தில் இசக்கியின் விரல் நின்றது. வாய்க்குள்ளேயே ஒருமுறை படித்தாள். பிறகு புத்தகத்தை உலகுவின் மடிக்கு நகர்த்தினாள்.

"இதை நீ படி."

உலகு படித்தாள். கல்லூரியில் படித்த குரல் இல்லை, கதை படிக்கிற குரலும் இல்லை, ஒரு சின்னப் பிள்ளை வாத்தியாருக்கு முன்னால் படிக்கிற மாதிரி இருந்தது.

"அடுத்த அறையில் சேந்தனின் தங்கை விழித்திருந்தாள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தூங்குகிறவளைப்போல மூச்சை நீளமாக விட்டாள்."

வேறு ஒன்றும் இல்லை. அத்துடன் அத்தியாயம் முடிந்தது.

தெருவில் ஒரு சைக்கிள் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றாள் இசக்கி.

எந்தச் சத்தம் என்று உலகு கேட்கவில்லை. "கேட்டுச்சு மைனி."

"காதுல மாட்டியிருப்பியே."

"பாட்டுப் போடல மைனி. சும்மாதான் மாட்டியிருப்பேன்."

இசக்கி அழவில்லை. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள். உலகு தரையில் சிந்தியிருந்த தூளை விரலால் கூட்டி ஒரு குவியலாக்கினாள், கலைத்தாள், மறுபடி கூட்டினாள்.

"எனக்கும் கேக்கும்," என்றாள் மாரிக்கனி. இதுவரை அந்த அறையில் யாரும் கேட்டிராத குரல் அது, கேலி இல்லாத குரல். "என் வீட்டுக் குடம் எல்லாம் காலிக் குடம்தான் இசக்கி. குழாயில தண்ணி நின்ன பெறவுதான உருட்டுவேன்."

"நான் யாருக்காகப் பாடுனேன்னு ஆண்டவருக்குத் தெரியும்," என்றாள் ரெபேக்காள். "உன் சத்தம் அவருக்கே கேட்டிருக்காது. அவ்வளவு சத்தமாப் பாடுனேன்."

"நான் சட்னிக்குத்தான் மிக்ஸி போட்டேன்," என்றாள் ஆவுடையம்மாள், யாரும் கேட்காமலே. பிறகு யாருடைய முகத்திலும் தன் பார்வையை வைக்க இடம் கிடைக்காமல், கடைசியில் பவளத்தைப் பார்த்தாள்.

பவளம் எழுந்துகொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் சுற்றிய பீடி எல்லாவற்றையும் இசக்கியின் சுளகில் கொட்டினாள். உதட்டில் கிழிசல் இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவள் நல்ல உயரம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கதவில்லாத வாசலைத் தாண்டி அவள் தெருவில் இறங்கி, எந்தப் பக்கம் போனாள் என்று யாரும் பார்க்கும் முன்பே போய்விட்டாள்.

அவள் போனால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாகி, அதற்குப் பக்கத்தில் இசக்கி மட்டும் உட்கார்ந்திருந்தாள், முந்தானை கன்னத்தை மறைக்கவில்லை. இப்போது பார்க்க வேறு யாரும் இல்லாததால் எல்லோரும் அவளையே பார்க்க வேண்டியிருந்தது.

பொழுது சாயத் தொடங்கியது. அந்த நேரத்துக்கு எழுந்து உலை வைக்கப் போகிறவர்கள் அன்று எழவில்லை. போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டார்கள். மாரிக்கனியின் மகள் வந்து கூப்பிட்டபோது, "உங்க அப்பாவ அரிசி களையச் சொல்லு," என்று பதில் போனது. இன்னும் நாலைந்து வீட்டிலிருந்து பெண்கள், பீடி சுற்றாதவர்களும்கூட, வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். வாசல் முழுக்கச் செருப்பானது.

லோடு ஆட்டோ வந்து நின்றது. சங்கரபாண்டி இறங்கி, கால் வைக்க இடமில்லாமல் செருப்புகளுக்கு வெளியே நின்றான்.

"என்ன கூட்டம் இது?"

வீட்டுக்குள் போவதற்கு அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். அவன் நின்ற இடத்திலிருந்து நிலையோரம் காலியாக இருந்தது தெரிந்தது. "போயிருச்சா?" என்றான், கொஞ்சம் இலகுவாக. "படிச்சிட்டீகளா?"

"அண்ணே," என்றாள் உலகு. அவனை அவள் கூப்பிட்டே பல காலம் ஆகியிருந்தது. அவள் விரித்த புத்தகத்தை மாரிக்கனி ஒரு பக்கமும் இசக்கி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். "உங்களுக்கு இன்னும் படிக்கல."

அவள் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். சேந்தன் குடித்துவிட்டு வந்தான். பவளம் சோறு போட்டாள். அவள் குரல் தேய்ந்த இடங்களில் ரெபேக்காள் சேர்ந்துகொண்டாள், பிறகு மாரிக்கனி, பிறகு மத்தியானம் கேட்டிருந்த மற்றவர்கள், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்ததில் மனப்பாடமாகிவிட்ட வரிகளை எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். ஆவுடையம்மாளின் உதடும் அசைந்தது, மகன் முகத்தைப் பார்க்காமல். தட்டு சுவரில் பட்டபோது சங்கரபாண்டி ஆட்டோ பக்கம் திரும்பினான். தெருவில் ரேஷன் கடைக்காரர் நின்றிருந்தார், பால்காரர் நின்றிருந்தார், எல்லார் தலையும் குனிந்திருந்தது, ஆனால் ஒருவரும் வழிவிட்டு நகரவில்லை.

"இங்க பாருங்க," என்றாள் இசக்கி. குரலை உயர்த்தவில்லை. "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. முடியுற வரைக்கும் நின்னு கேட்டுட்டுப் போங்க."

அவன் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் சட்டைப் பைக்குள் விட்டான், எடுத்தான், பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டான். உலகு அடுத்த வரியைப் படித்தாள்.